ஆகஸ்ட் 16: பாட்டு ஒருவருக்கு, பணம் ஒருவருக்கு

1968இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஓர் இறப்புச் சான்றிதழ் வெளியே வந்தது. பழைய ப்ளூஸ் பாடகர்களைப் பற்றித் தகவல் திரட்டிக்கொண்டிருந்த கேல் டீன் வார்ட்லோ என்பவர் விடாமல் தேடிக் கண்டுபிடித்த காகிதம் அது. இறந்தவர் பெயர் ராபர்ட் ஜான்சன். இடம், கிரீன்வுட் ஊருக்கு வெளியே. தேதி, 1938 ஆகஸ்ட் 16. இறப்புக்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் 'டாக்டர் இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தது.

அதே 1968இல்தான் லண்டனின் கிரீம் குழு ஜான்சனின் பாட்டு ஒன்றை மின்சார கிடாரில் வாசித்து வெளியிட்டது. எரிக் கிளாப்டனின் விரல் வேகத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. பாட்டு உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் கட்டியவர் என்றைக்குச் செத்தார் என்பதற்கு முப்பது வருடமாக ஒரு துண்டுக் காகிதம்கூட யாரிடமும் இல்லை.

இன்னும் ஒன்பது ஆண்டு கழித்து, 1977இல், அதே ஆகஸ்ட் 16 அன்று மெம்ஃபிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி இறந்தார். அன்று மாலைக்குள் செய்தி உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய்விட்டது. 2018இல் அதே தேதியில் டெட்ராய்ட்டில் அரீதா ஃபிராங்க்ளின். முதல் சாவுக்கும் மூன்றாவது சாவுக்கும் நடுவே சரியாக 80 ஆண்டுகள். ப்ளூஸ், ராக் அண்ட் ரோல், சோல் என்று அமெரிக்கப் பாட்டின் மூன்று பெரிய கிளைகளும் ஒரே தேதியில் ஒவ்வொரு தலைமகனை, தலைமகளை இழந்திருக்கின்றன. ராக், பாப் இசையின் நாட்காட்டியில் இவ்வளவு கனமான தேதி ஒன்றிரண்டுதான் தேறும்.

தற்செயல்தான். ஆண்டுக்கு 365 நாள், பாடகர்களோ ஆயிரக்கணக்கில். எங்காவது மூன்று பேர் ஒன்றாக மாட்டத்தான் செய்வார்கள். இதில் கிரகபலன் தேடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, உடன்பாடும் இல்லை. ஆனால் அந்த மூன்று சாவுகளையும் உலகம் நடத்திய விதம் தற்செயல் கிடையாது. எந்தச் சாவை யார் எழுதி வைத்தார்கள், எதை யார் காசாக்கினார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் பாட்டுத் தொழிலின் கணக்குப் புத்தகமே திறந்துகொள்கிறது.

பிசாசுக் கதையும் வாத்தியாரும்

ராபர்ட் ஜான்சன் 27 வயதில் போய்விட்டார். அவர் விட்டுப்போனது 29 பாட்டுகள். 1936 நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் ஒரு ஓட்டல் அறையைப் பதிவுக்கூடமாக்கி எடுத்தவை சில. 1937 ஜூனில் டாலஸில் எடுத்தவை மிச்சம். ஒரு கிடார், ஒரு குரல். மொத்தமாகக் கூட்டினால் ஐந்தே நாள் வேலை. இந்த ஐந்து நாளைக்குப் பிறந்தநாள் கொண்டாடினால் அதில் நியாயம் இருக்கும். யாரும் கொண்டாடுவதில்லை.

கொண்டாடுவதெல்லாம் பிசாசுக் கதையை. நள்ளிரவில் நாற்சந்தியில் நின்று ஆன்மாவைப் பிசாசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கிடார் வித்தையை வாங்கி வந்தார் என்பது கதை. கிடாரைத் தொட்டாலே ஆட்கள் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு மோசமாக வாசித்த பையன், கொஞ்ச காலம் ஊரைவிட்டுக் காணாமல் போய்த் திரும்பி வந்தபோது மேதையாக இருந்தான் என்று மூத்த பாடகர் சன் ஹவுஸ் சொன்னார். அந்த இடைவெளியைத்தான் பிசாசு நிரப்பியது. உண்மையில் ஜான்சன் போனது தன் பிறந்த ஊரான ஹேஸல்ஹர்ஸ்ட் பக்கம். அங்கே ஐக் ஸிம்மர்மன் என்ற கிடார்க்காரரிடம் பாடம் கேட்டார். இருவரும் ராத்திரியில் இடுகாட்டில் உட்கார்ந்து சாதகம் செய்ததுண்டு. அங்கேதான் யாரும் திட்ட மாட்டார்கள். ஒரு வாத்தியாரும் ஓயாத சாதகமும் என்று சொன்னால் கதை விற்காது. பிசாசு நன்றாக விற்கிறது.

இறந்த விதமும் கதைதான். காதல் விவகாரத்தில் யாரோ விஸ்கியில் விஷம் கலந்தார்கள் என்பது பரவலான பேச்சு. சான்றிதழில் டாக்டர் பெயரே இல்லாதபோது எந்தப் பேச்சையும் மறுக்க வழியில்லை. புதைத்த இடமும் நிச்சயமில்லை. கிரீன்வுட்டைச் சுற்றி மூன்று வெவ்வேறு தேவாலய வளாகங்களில் அவருக்கு மூன்று கல்லறைக் கற்கள் நிற்கின்றன.

அந்தச் சாவு முதன்முதலில் யாருக்குத் தேவைப்பட்டது என்று பார்த்தால் ஜான் ஹாமண்ட் என்ற பெயர் வருகிறது. நியூயார்க்கின் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. கறுப்பின இசையின் மீது தீராத பித்து. கார்னகி ஹாலில் 1938 டிசம்பர் 23 அன்று கறுப்பினக் கலைஞர்களின் கச்சேரி ஒன்றை ஏற்பாடு செய்தார். இசைத்தட்டில் கேட்ட அந்த மிசிசிப்பிக் குரலை நேரில் மேடையேற்ற ஆள் அனுப்பித் தேடியபோதுதான், ஆள் சில மாதங்களுக்கு முன்பே போய்விட்டதாகத் தகவல் வந்தது. ஹாமண்ட் என்ன செய்தார் தெரியுமா? மேடையில் ஜான்சனின் இரண்டு இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, கூட்டத்தைக் கேட்கச் செய்தார். மிசிசிப்பியின் கொட்டகைகளில் ஆடுகிறவர்களுக்காகப் பாடிக்கொண்டிருந்தவருக்கு முதல் அஞ்சலி நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடந்தது.

1961இல் கொலம்பியா நிறுவனம் ஜான்சனின் பாட்டுகளை நெடுந்தட்டாகத் தொகுத்தது. அதற்குப் பின்னாலும் ஹாமண்டின் கை உண்டு. அந்தத் தட்டு வெளிவரும் முன்பே அதன் பிரதி ஒன்றை அவர் இருபது வயதுப் பையன் ஒருவனிடம் கொடுத்தார். பையன் பெயர் பாப் டிலன். இங்கிலாந்தில் கீத் ரிச்சர்ட்ஸ், கிளாப்டன் என்று ஒரு தலைமுறையே அந்தத் தட்டைக் கேட்டுக் கிடார் பழகியது. 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஜான்சனின் பாட்டு ஒன்றைத் தங்கள் இசைத்தட்டில் சேர்த்தபோது எழுதியவர் இடத்தில் அவர் பெயர் இல்லை. அந்தப் பாட்டு பொதுச்சொத்து அல்ல, உரிமை உள்ளது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2000இல். 1990இல் வெளியான முழுத் தொகுப்பு பத்து லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தது. வாரிசு யார் என்ற வழக்கும் அதைத் தொடர்ந்து இழுத்தது. கடைசியில், சரளைக் கல் லாரி ஓட்டிப் பிழைத்த ஒருவர்தான் ஜான்சனின் மகன், அவரே வாரிசு என்று மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதுவும் 2000இல்தான். அப்பா செத்து 62 ஆண்டு.

லாரிக்காரப் பையனின் ஜூலை ராத்திரி

இன்னொரு லாரி ஓட்டுநரிடம் வருவோம். மெம்ஃபிஸில் ஒரு மின் ஒப்பந்த நிறுவனத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த 19 வயதுப் பையன் எல்விஸ். 1954 ஜூலை 5, திங்கட்கிழமை இரவு. யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் இருந்த சன் ஸ்டூடியோ. உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் கட்டுப்பாட்டு அறையில். கிடாரில் ஸ்காட்டி மூர், பாஸில் பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. மெதுவான காதல் பாட்டுகளைப் பாடிப் பார்த்தார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. இடைவேளையில் எல்விஸ் திடீரென்று கிடாரை அடித்துக்கொண்டு, ஆர்தர் குரூடப் என்ற மிசிசிப்பி ப்ளூஸ்காரர் 1946இல் பதிவு செய்த பாட்டு ஒன்றை வேடிக்கையாகப் பாட ஆரம்பித்தார். குதித்துக்கொண்டே. மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். சாம் ஃபிலிப்ஸ் எட்டிப் பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். எங்களுக்கே தெரியவில்லை என்றார்கள். முதலில் இருந்து வாசிக்கச் சொல்லி நாடாவைச் சுழலவிட்டார்.

சில நாளில் டியூவி ஃபிலிப்ஸ் என்ற ரேடியோ அறிவிப்பாளர் அந்தப் பாட்டை ஒரே இரவில் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார். நேயர்கள் தொலைபேசியில் குவிந்தார்கள். எல்விஸ் கூச்சத்தில் சினிமா கொட்டகையில் போய் ஒளிந்திருந்தார். பிடித்து இழுத்து வந்து ரேடியோவில் பேட்டி எடுத்தார்கள். அறிவிப்பாளர் கேட்ட முக்கியமான கேள்வி, எந்த உயர்நிலைப் பள்ளியில் படித்தாய் என்பது. ஹ்யூம்ஸ் என்று பதில் வந்தது. மெம்ஃபிஸில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்த காலம். பள்ளிப் பெயரைச் சொன்னதும் நேயர்களுக்குப் புரிந்துவிட்டது, பாடியவன் வெள்ளைக்காரப் பையன். நிறத்தைக் கேட்காமலே நிறத்தைக் கேட்ட அந்த ஒரு கேள்வியில் அடுத்த இருபது ஆண்டின் வியாபாரமே இருக்கிறது.

1955 நவம்பரில் ஆர்.சி.ஏ. நிறுவனம் எல்விஸின் ஒப்பந்தத்தை சன் நிறுவனத்திடம் இருந்து 35,000 டாலருக்கு வாங்கியது. குரூடப்புக்கு என்ன கிடைத்தது? பாட்டை எழுதியவருக்குச் சேர வேண்டிய ராயல்டி ஒழுங்காக வந்ததே இல்லை. ரிக்கார்டு போடுவதை வெறுத்து விட்டுவிட்டு விவசாயக் கூலிகளோடு கூலியாக உழைத்தார். 1970களின் தொடக்கத்தில் 60,000 டாலர் தருவதாக ஒரு சமரசம் பேசி, கையெழுத்துப் போட ஆளை நியூயார்க் வரை வரவழைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் பதிப்பு நிறுவனம் பின்வாங்கியது. 1974 மார்ச் 28 அன்று அவர் இறந்தார். அந்தத் தேதியில் எங்கும் மெழுகுவத்தி ஏற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எல்விஸுக்கு ஏற்றுகிறார்கள். மெம்ஃபிஸில் அவர் வாழ்ந்து மறைந்த கிரேஸ்லேண்ட் மாளிகை வாசலில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 மாலை கூடி, விடிய விடிய வரிசையில் நின்று, கையில் மெழுகுவத்தியோடு கல்லறையைச் சுற்றி வருகிறார்கள். உலகத்தின் பல நாடுகளில் இருந்து வருகிறார்கள். 1977 ஆகஸ்ட் 16 அன்று மதியம் குளியலறையில் அவர் விழுந்து கிடந்ததைப் பார்த்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். மூன்றரை மணிக்கு இறந்ததாக அறிவித்தார்கள். வயது 42. அன்றிரவே அடுத்த கச்சேரிக்காக மெய்ன் மாநிலத்துக்கு விமானம் ஏற வேண்டியவர். (நம் கடிகாரப்படி அப்போது ஆகஸ்ட் 17 அதிகாலை இரண்டு மணி. ஜான் லெனன் 1980 டிசம்பர் 8 இரவு நியூயார்க்கில் சுடப்பட்டபோதும் இங்கே 9ஆம் தேதி விடிந்துவிட்டிருந்தது. உலக நினைவு நாட்களெல்லாம் அமெரிக்க நேரத்தில்தான் ஓடுகின்றன.)

அன்று மாலை சி.பி.எஸ். தொலைக்காட்சியின் செய்தி ஆசிரியர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். பனாமா கால்வாய் ஒப்பந்தம்தான் முதல் செய்தி, எல்விஸ் அதற்குப் பிறகு. எதிர்ச்சானலான என்.பி.சி. எல்விஸோடு தொடங்கியது. சி.பி.எஸ். பக்கம் இருந்தவர்கள் சானலை மாற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பாடகரின் சாவு அரசியலுக்கு முன்னால் வரலாமா என்று செய்தி அறைகளில் இன்றைக்கும் விவாதம் நடந்தால் இந்த உதாரணம் வந்துவிடும்.

இனிமேல்தான் விநோதம். சாவுச் செய்தி பரவியதும் எல்விஸ் இசைத்தட்டுகள் கடைகளில் நிற்கவில்லை, அச்சடித்துத் தள்ளினார்கள். அந்த விற்பனையில் பெரும்பகுதிக்கு எல்விஸின் குடும்பத்துக்கு ராயல்டி கிடையாது. நான்கு ஆண்டு முன்பு, 1973இல், அதுவரை பாடிய அத்தனை பாட்டின் எதிர்கால ராயல்டியையும் அவருடைய மேனேஜர் டாம் பார்க்கர் 54 லட்சம் டாலருக்கு ஆர்.சி.ஏ.விடமே விற்றுவிட்டார். அதில் பாதி மேனேஜருக்கு. ராபர்ட் ஜான்சன் பிசாசுக்கு எழுதிக் கொடுத்தது கட்டுக்கதை. எல்விஸ் எழுதிக் கொடுத்ததற்குப் பத்திரம் இருக்கிறது.

வீட்டைப் பராமரிக்கவும் வரி கட்டவும் பணம் இல்லாமல் திண்டாடிய நிலையில்தான், முன்னாள் மனைவி பிரிசில்லா 1982 ஜூன் 7 அன்று கிரேஸ்லேண்டை டிக்கெட் போட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். நினைவு நாள் ஒரு தொழிலாக மாறியது அங்கேதான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாட்டை இழந்த குடும்பத்திடம் மிச்சம் இருந்தது வீடும் தேதியும்தான்.

மெட்ராஸில் பிறந்தவரின் வியாழக்கிழமை

ஆகஸ்ட் 16இல் எல்லாமே சாவு இல்லை. 1958இல் அதே நாளில் மிச்சிகன் மாநிலத்தின் பே சிட்டியில் மடோனா பிறந்தார். 1969இல் உட்ஸ்டாக் விழாவின் இரண்டாம் நாள், சனிக்கிழமை. சந்தானா, ஜானிஸ் ஜாப்ளின், ஸ்லை ஸ்டோன் எல்லோரும் மேடையேறியது அன்றைய பகலுக்கும் மறுநாள் விடியலுக்கும் நடுவே. முந்தின நாள் தொடக்கத்தில் அந்தப் பெருங்கூட்டத்துக்கு ஆசி உரை வழங்கியவர் கோவை மாவட்டம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் என்பது கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஒரு சின்னப் பெருமை.

எனக்கு இதில் அதிகம் பிடித்தது 1962இன் ஆகஸ்ட் 16. லிவர்பூல் நகரம், வியாழக்கிழமை. பீட்டில்ஸ் குழுவின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் தன் ரிக்கார்டு கடை அலுவலகத்துக்கு டிரம்ஸ் வாசிப்பவரைக் கூப்பிட்டு, மற்றவர்கள் உன்னை வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு ஆண்டு கூடவே வாசித்து, ஹாம்பர்க்கின் அழுக்கு அறைகளில் கூடவே படுத்துறங்கியவர். லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரில் ஒருவரும் அந்த அறைக்கு வரவில்லை. கோழைகளாக நடந்துகொண்டோம் என்று லெனன் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

வெளியே அனுப்பப்பட்டவர் பீட் பெஸ்ட். பிறந்தது 1941 நவம்பர் 24, மெட்ராஸில். அம்மா மோனா டெல்லியில் பிறந்தவர். போர் முடிந்த ஆண்டில் குடும்பம் கப்பல் ஏறி லிவர்பூல் போய்ச் சேர்ந்தது. மோனா சாதாரணப் பெண்மணி அல்ல. 1954 டெர்பி குதிரைப் பந்தயத்தில் 'நெவர் சே டை' என்ற குதிரை மீது, நகைகளை அடகு வைத்த பணத்தைக் கட்டி, ஒன்றுக்கு 33 என்று ஜெயித்துப் பெரிய வீடு வாங்கினார் என்று அந்தக் குடும்பம் சொல்கிறது. அந்த வீட்டின் நிலவறையில் 1959 ஆகஸ்ட் 29 அன்று காஸ்பா காபி கிளப் என்ற இளைஞர் கூடத்தைத் திறந்தார். திறப்பு நாளில் வாசித்தது லெனனின் குழு. சுவருக்கும் கூரைக்கும் பெயின்ட் அடித்ததும் அவர்கள்தான். எப்ஸ்டீன் வரும்வரை அந்தப் பையன்களுக்கு இடம் கொடுத்து, வாசிக்க வாய்ப்பு தேடிக் கொடுத்தவர்களில் முதல் ஆள் இந்த டெல்லிக்காரப் பெண்மணி. பீட்டில்ஸ் வரலாற்றில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் போதாது என்பது என் கட்சி.

பீட் பெஸ்ட் நல்ல டிரம்மரா இல்லையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த ஜூனில் நடந்த ஒத்திகைப் பதிவில், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு அவர் வாசிப்பு திருப்தி தரவில்லை. பதிவுக்கு வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதைச் சாக்காக வைத்துக் குழுவே மாற்றிவிட்டது. ஆகஸ்ட் 18 அன்று ரிங்கோ ஸ்டார் வந்து உட்கார்ந்தார். கேவர்ன் கிளப்பில் ரசிகர்கள் பீட்டுக்காகக் கோஷம் போட்டார்கள். கலவரத்தில் ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கண்ணுக்குக் கீழே அடி. செப்டம்பர் 11 அன்று முதல் பாட்டை மறுபடி பதிவு செய்யப் போனால், ஜார்ஜ் மார்ட்டினின் தரப்பு ஆண்டி ஒயிட் என்ற கூலி டிரம்மரை வரவழைத்து வைத்திருந்தது. ரிங்கோ கையில் தம்பூரின் கொடுத்து ஓரமாக நிற்கவைத்தார்கள். ஆக, பீட்டின் தலை உருண்டதற்குச் சொன்ன காரணம் ரிங்கோவுக்கும் பொருந்தத்தான் செய்தது.

அடுத்த ஆண்டே இங்கிலாந்து பீட்டில்ஸ் பைத்தியம் பிடித்து அலைந்தது. பீட் பெஸ்ட் கொஞ்ச காலம் வேறு குழுக்களில் வாசித்துப் பார்த்தார். பிறகு ரொட்டித் தொழிற்சாலையில் லாரிக்கு ரொட்டி ஏற்றினார். அதற்குப் பிறகு அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருபது ஆண்டு. வேலை போனவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் வேலை; அந்த உத்தியோகத்துக்கு அவரைவிடத் தகுதியானவர் லிவர்பூலில் இருந்திருக்க மாட்டார். 1995 நவம்பரில் பீட்டில்ஸின் பழைய பதிவுகளைத் தொகுத்து 'ஆந்தாலஜி 1' வெளிவந்தது. அதில் பத்துப் பாட்டில் டிரம்ஸ் பீட் பெஸ்டுடையது. 33 ஆண்டுக்குப் பிறகு ராயல்டி வீட்டுக்கு வந்தது, அதுவும் கணிசமாக. அந்தத் தொகுப்பின் அட்டையில் பழைய குழுப் படம் ஒன்று. அதில் அவர் முகம் இருக்க வேண்டிய இடம் கிழிந்து, அடியில் இருந்து ரிங்கோ தெரிவார். பணம் கொடுத்த கையே முகத்தைக் கிழித்திருந்தது.

கைப்பையை விட்டுப் பிரியாதவர்

அரீதா ஃபிராங்க்ளின் பிறந்தது மெம்ஃபிஸில், 1942 மார்ச் 25. எல்விஸ் மறைந்த ஊர்தான் இவர் பிறந்த ஊர். அப்பா டெட்ராய்ட்டின் புகழ்பெற்ற பாப்டிஸ்ட் போதகர். தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல். 1960இல் அவரை கொலம்பியா நிறுவனத்துக்கு ஒப்பந்தம் செய்தவர் யார் என்றால், அதே ஜான் ஹாமண்ட். செத்துப்போன ஜான்சனின் குரலைக் கார்னகி ஹாலில் சுழலவிட்டவர், உயிரோடு இருக்கும் மேதையை 18 வயதில் கண்டுபிடித்தார். ஆனால் கொலம்பியாவுக்கு அவரை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆறு ஆண்டு பலவித உடுப்புகளை மாட்டிப் பார்த்தார்கள். அட்லாண்டிக் நிறுவனத்துக்குப் போனபிறகே அந்தக் குரல் தன் வீட்டுக்கு வந்தது.

1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அவர் பதிவு செய்த 'ரெஸ்பெக்ட்', ஓடிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடிய பாட்டு. ஓடிஸ் பாடும்போது உழைத்துக் களைத்து வீட்டுக்கு வரும் ஆண்பிள்ளை மனைவியிடம் மரியாதை கேட்பார். அரீதா அதைத் தலைகீழாக்கினார். பெண் ஆணிடம் கேட்டாள். எழுத்துக்கூட்டிப் பாடும் பகுதியை அவரே சேர்த்தார், சகோதரிகளின் பின்னணிக் குரலை வைத்தார், பியானோவில் உட்கார்ந்தார். சில மாதங்களில் அது அமெரிக்கக் கறுப்பின மக்களின் முழக்கமாகவும் பெண்களின் முழக்கமாகவும் மாறிப்போனது. ஓடிஸ் அந்த டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தார்.

அமெரிக்க ரேடியோ நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குத்தான் பணம். பாடியவருக்கு ஒரு காசு கிடையாது. ஐரோப்பாவில் பாடகருக்கும் உண்டு. அமெரிக்காவில் ரேடியோ முதலாளிகள் சட்டத்தை மாற்ற விட்டதில்லை. அரை நூற்றாண்டாக ரேடியோவில் 'ரெஸ்பெக்ட்' ஒலித்தபோதெல்லாம் காசு ஓடிஸின் குடும்பத்துக்குப் போனது, அரீதாவுக்கு இல்லை. பாட்டு எழுதிய குரூடப்புக்கும் கிடைக்கவில்லை, பாட்டை மறுபிறவி எடுக்கவைத்த அரீதாவுக்கும் கிடைக்கவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் சட்டத்தில் ஒரு ஓட்டை அவர்களுக்கென்று இருந்திருக்கிறது.

அரீதா கற்றுக்கொண்ட பாடம் கைப்பையில் இருந்தது. கச்சேரிக்கு முன்னால் கட்டணத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்வார். அந்தப் பணம் கைப்பையில். கைப்பை மேடையில், பியானோ மேல், கண்ணெதிரே. 2015 டிசம்பரில் ஜனாதிபதி ஒபாமா பால்கனியில் உட்கார்ந்திருக்க, கென்னடி மையத்தில் பாட வந்தபோதும் கைப்பையோடுதான் நடந்து வந்து பியானோவில் வைத்தார். சிலர் இதைப் பாட்டியின் பிடிவாதம் என்று சிரித்தார்கள். முந்தின தலைமுறைக் கலைஞர்கள் எத்தனை பேர் மேடைக்குப் பின்னால் ஏமாற்றப்பட்டார்கள் என்று சிறுவயதில் இருந்து பார்த்தவர் அவர். எனக்கு அந்தக் கைப்பையைவிடத் தெளிவான ஒப்பந்தப் பத்திரம் பாட்டுத் தொழிலில் தென்படவில்லை.

2018 ஆகஸ்ட் 16 அன்று கணையப் புற்றுநோயால் இறந்தார், 76 வயது. டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இரண்டு நாள் மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று நடந்த இறுதிச் சடங்கு சுமார் எட்டு மணி நேரம் நீண்டது, தொலைக்காட்சியில் நேரலையாக. ஜான்சனின் சான்றிதழில் டாக்டர் பெயர்கூட இல்லாத நாட்டில், 80 ஆண்டு கழித்து ஒரு கறுப்பினப் பாடகிக்கு நடந்த வழியனுப்பு அது. அரீதா இறந்த அன்று மடோனாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். நான்கு நாள் கழித்து ஒரு விருது மேடையில் அரீதாவுக்கு அஞ்சலி செலுத்த ஏறிய மடோனா, பெரும்பாலும் தன் கதையையே பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பணக் கதை அப்போதும் முடியவில்லை. உயில் இல்லை என்றார்கள். 2019இல் வீட்டைத் துழாவியபோது கையெழுத்தில் எழுதிய தாள்கள் அகப்பட்டன, அதில் ஒன்று சோபா மெத்தைக்கு அடியில். பிள்ளைகள் நீதிமன்றம் போனார்கள். 2014இல் எழுதிய, சோபாவுக்கு அடியில் கிடந்த அந்தத் தாளே செல்லும் என்று 2023 ஜூலையில் மிச்சிகன் ஜூரி தீர்ப்புச் சொன்னது.

1986 ஜனவரி 23 அன்று நியூயார்க்கில் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தின் முதல் கௌரவிப்பு நடந்தது. எல்விஸும் ராபர்ட் ஜான்சனும் சாம் ஃபிலிப்ஸும் ஜான் ஹாமண்டும் ஒரே இரவில் சேர்க்கப்பட்டார்கள். மறு ஆண்டு அரீதா. அந்த மன்றத்தில் நுழைந்த முதல் பெண். பட்டியல் அழகாக இருக்கிறது. ஆனால் எல்விஸை எல்விஸாக்கிய அந்த ஜூலை ராத்திரியின் பாட்டுக்குச் சொந்தக்காரர் அந்த விருந்து மண்டபத்தில் பேசப்பட வேண்டியவர்.

2027 ஆகஸ்ட் 16 அன்று எல்விஸ் மறைந்து ஐம்பது ஆண்டு நிறைகிறது. புதுத் தொகுப்புகளும் ஆவணப் படங்களும் வரிசை கட்டும். நம் பத்திரிகைகளும் படம் போடும். போடட்டும். நீங்கள் அன்றைக்கு எல்விஸைக் கேட்பதாக இருந்தால், முதலில் ஆர்தர் குரூடப் 1946இல் பாடிய 'தட்ஸ் ஆல் ரைட்' பதிவைத் தேடிப் போட்டுக் கேளுங்கள். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது. அதற்குப் பிறகு எல்விஸைப் போடுங்கள்.